பெங்களூரில் அப்பாவுக்கு எதைக் காட்டலாம்? மூன்று நாள் இருக்கிறது

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூருக்கு வேலைக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. வீடு எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில். அடுத்த வாரம் அப்பா தஞ்சாவூரிலிருந்து வருகிறார். இத்தனை வருஷத்தில் இப்போதுதான் என்னோடு நாலு நாள் தங்க ஒத்துக்கொண்டிருக்கிறார். ஒரு நாள் வீட்டில் ஓய்வெடுப்பார். மீதி மூன்று நாளுக்கு நான் லீவு போட்டுவிட்டேன்.

அப்பா முப்பத்துநாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியராக இருந்தவர். மாலிலோ பெரிய கடையிலோ அவருக்கு நாட்டமே கிடையாது. பெரிய கோயிலைச் சுற்றிச் சுற்றி வளர்ந்தவர். நான் ஊருக்குப் போனால் இன்றைக்கும் பிராகாரத்தில் நிற்க வைத்து, சுவரில் இருக்கிற எழுத்தை ஒவ்வொன்றாகக் காட்டுவார். போன வாரம் ஃபோனில், "உங்க ஊர்ல பழசா என்னடா இருக்கு?" என்று கேட்டார். விதான சௌதா என்றேன். எந்த வருஷம் கட்டினது என்றார். 1956 என்றதும், "அது என் வயசுடா" என்று சொல்லிவிட்டார்.

அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆறு வருஷம் ஒரு ஊரில் இருந்துகொண்டு இதற்குப் பதில் தெரியாமல் இருப்பது மனதை உறுத்துகிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. அரை மணி நேரம் நடப்பார், அப்புறம் உட்கார வேண்டும். படி அதிகம் ஏற முடியாது. எங்கே கூட்டிப் போகலாம், சொல்லுங்கள்.

ஜெயநகர் நாலாம் பிளாக் எழுதியது:

உள்ளதைச் சொல்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். இரண்டு நாளை மைசூருக்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கும் ஒதுக்கிவிடுங்கள். தஞ்சாவூர்க்காரருக்குக் காட்ட இங்கே ஒன்றும் இல்லை. லால்பாக் ஒரு காலை, இஸ்கான் ஒரு மாலை. அவ்வளவுதான் பெங்களூர். நான் பதினெட்டு வருஷமாக இங்கே இருக்கிறேன்.

அல்சூர் ஏரிக்கரை எழுதியது:

ஜெயநகர் நண்பரே, பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவையாவது சிட்டி மார்க்கெட்டில் இறங்கி நடந்திருக்கிறீர்களா? கோபத்தில் கேட்கவில்லை. நம்மில் பெரும்பாலானவர்கள் இந்த ஊரை அவுட்டர் ரிங் ரோட்டிலிருந்தே பார்க்கிறோம். அங்கே எதுவும் முப்பது வருஷத்துக்கு மேல் பழசாக இருக்காது. அதை வைத்துக்கொண்டு ஊருக்கே பழமை இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

காவிரிக்கரை, ஒரு நாளைக் கோட்டைக்கு ஒதுக்குங்கள். கே.ஆர். மார்க்கெட் மெட்ரோவில் இறங்கினால் கோட்டை பக்கத்திலேயே. பெங்களூரை நிறுவிய கெம்பே கௌடா 1537இல் இங்கே மண்கோட்டை கட்டினார். 1761இல் ஹைதர் அலி அதைக் கல்கோட்டையாக எழுப்பினார். இப்போது மிஞ்சியிருப்பது தில்லி வாசல் என்கிற ஒரு துண்டு மட்டும். மற்றதெல்லாம் சாலையும் மருத்துவமனையும் பள்ளிக்கூடமுமாகக் கரைந்துவிட்டது. ஆனால் அந்தத் துண்டே போதும். வாசல் கதவின் உயரத்தைப் பார்த்தாலே யானையை நினைத்துச் செய்தது என்று தெரியும். மேலே சுதையில் மயில், தாமரை. உள்ளே ஒரு சின்னப் பிள்ளையார் கோயில்.

1791 மார்ச் 21ஆம் தேதி இரவு ஆங்கிலேயத் தளபதி காரன்வாலிஸின் படை இந்தச் சுவரை உடைத்துத்தான் உள்ளே வந்தது. கோட்டைக் காவலராக இருந்த பகதூர் கான் அங்கேயே சண்டையிட்டு விழுந்தார். சுவரை உடைத்த இடத்தைச் சொல்லும் கல்வெட்டை வெள்ளைக்காரர்கள் பதித்து வைத்திருக்கிறார்கள். வாசலுக்கு வெளியே பூக்கடை, பஸ் ஹாரன், தள்ளுவண்டி. ஒரே ஒரு அடி உள்ளே வைத்தால் சத்தம் பாதியாகக் குறைந்துவிடும். நான் முதல் தடவை போனபோது கல் எவ்வளவு கனம் என்பது அந்தச் சத்தம் குறைந்ததில்தான் எனக்குப் புரிந்தது.

அங்கிருந்து திப்புவின் கோடைக்கால அரண்மனை கிட்டத்தில். ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள், அப்பாவை அந்த நடைபாதையில் நடக்க விடாதீர்கள். ஹைதர் 1781இல் தொடங்கியது, திப்பு 1791இல் முடித்தார். யோசித்துப் பாருங்கள், அரண்மனை முடிந்த அதே வருஷம் கோட்டை போய்விட்டது. முழுக்கத் தேக்கு மரத் தூண்கள். மைசூர் அரண்மனை மாதிரி பளபளப்பை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். சுவரில் பூவேலை ஓவியம் மங்கிப்போய் அங்கங்கே தெரியும். சாயங்கால வெயில் மேல்மாடத்தில் சாய்வாக விழும்போது போனால் அந்தச் சிவப்பும் பச்சையும் கொஞ்ச நேரத்துக்குத் திரும்பி வரும். மாடிப்படி குறுகல், அப்பா கீழேயே உட்காரட்டும். தோட்டத்தில் இடம் இருக்கிறது.

இன்னொரு விஷயம். ஆங்கிலேயர் காலத்தில் அரசுத் தலைமை அலுவலகம் இந்த அரண்மனையில்தான் நடந்தது. 1868இல் கப்பன் பார்க்கில் அந்தச் சிவப்புக் கட்டடத்தைக் கட்டி அங்கே மாற்றினார்கள். அட்டார கச்சேரி, அதாவது பதினெட்டு அலுவலகம். இப்போது அது உயர் நீதிமன்றம். அடுத்த முறை விதான சௌதா பக்கம் போகும்போது எதிரே இருப்பதையும் திரும்பிப் பாருங்கள்.

அரண்மனைக்கு ஒட்டினாற்போல கோட்டை வெங்கடரமணர் கோயில். 1689, சிக்க தேவராஜ உடையார் கட்டியது. பெருமாளைச் சேவித்துவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் உட்காரலாம். மூன்றும் சேர்த்து அரை நாள், அதற்கு மேல் அன்றைக்கு எதையும் சேர்க்க வேண்டாம்.

பானசவாடி அக்கா எழுதியது:

தம்பி, ஒரு நாள் சுற்றுலாப் பேருந்தில் மட்டும் ஏற்றிவிடாதே. நான் அம்மாவை அப்படித்தான் கூட்டிப்போனேன். எட்டு இடம் என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள். ஒவ்வொரு இடத்திலும் இருபது நிமிஷம். அம்மா செருப்பைக் கழற்றி உள்ளே போய் வருவதற்குள் விசில் அடித்துவிடுவார்கள். நடுவில் பட்டுச் சேலைக் கடையில் மட்டும் ஒன்றே கால் மணி நேரம் நிறுத்தினார்கள். அம்மா சேலை ஒன்றும் வாங்கவில்லை, வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து, "எல்லாம் பார்த்தேன், ஒண்ணும் ஞாபகம் இல்ல" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா இப்போது இல்லை. நீ ஒரு இடத்தைக் காட்டினாலும் நிதானமாகக் காட்டு.

லால்பாக் காலைநடை எழுதியது:

அக்கா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன்.

லால்பாக் என்றாலே எல்லோரும் கண்ணாடி மாளிகையும் மலர்க்கண்காட்சியும்தான் என்கிறார்கள். கண்ணாடி மாளிகைக்கு அடிக்கல் நாட்டியது 1889இல். அழகான கட்டடம், மறுக்கவில்லை. தோட்டத்தை 1760 வாக்கில் ஹைதர் அலி தொடங்கினார், திப்பு வெளிநாட்டுச் செடிகளைக் கொண்டுவந்து சேர்த்தார். இதெல்லாம் பலகையிலேயே எழுதியிருக்கும்.

ஆனால் உங்கள் அப்பா கேட்டது "பழசா என்ன இருக்கு" என்றுதானே? அவரை நேராக அந்தப் பாறையிடம் கூட்டிப்போங்கள். ஏறத்தாழ 300 கோடி வருஷத்துப் பாறை. தீபகற்ப நைஸ் என்று புவியியலாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். தேசிய புவியியல் சின்னம் என்று அறிவித்த பலகையும் அங்கே உண்டு. குனிந்து பார்த்தால் கறுப்பும் வெளுப்புமாக வரி வரியாக, பிசைந்த மாவை முறுக்கிவிட்ட மாதிரி இருக்கும். அந்த வரிகளின் மேல் கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காலை ஏழு மணிக்குச் சில்லென்று இருக்கும்.

பாறை உச்சியில் நிற்கிற சின்ன மண்டபம் கெம்பே கௌடா கோபுரம். இப்படி ஊரைச் சுற்றி நாலு கட்டினார்கள். லால்பாக், அல்சூர் ஏரி, கெம்பாம்புதி ஏரி, மேக்ரி சர்க்கிள். முதலாம் கெம்பே கௌடாவின் வழிவந்தவர் கட்டியதாகச் சொல்வார்கள். இந்த நாலுக்குள்தான் ஊர் என்று எல்லை வைத்ததாக ஒரு நம்பிக்கை. நீங்கள் இருக்கிற எச்.எஸ்.ஆர். எல்லைக்கு எவ்வளவு வெளியே என்பதை மேலிருந்து பார்த்தால் தெரியும். ஏற்றம் மெதுவானதுதான், படி கிடையாது. ஆனாலும் மழை பெய்திருந்தால் ஏற வேண்டாம், வழுக்கும். முன்வாசல் வழியாகப் போனால் பாறை கிட்டத்தில். தோட்டத்துக்குள் பேட்டரி வண்டி ஓடுகிறது, முழங்கால் வலிக்காரர்களுக்கு அது பெரிய உதவி.

முடித்துவிட்டு வெளியே எம்.டி.ஆரில் ரவா இட்லி. 1924இலிருந்து நடக்கிற கடை. அதுவும் பழசில்தான் சேர்த்தி.

மடிவாளா சந்து எழுதியது:

இழை இவ்வளவு தூரம் வந்தும் யாரும் மடிவாளாவைச் சொல்லவில்லையே என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

காவிரிக்கரை, உங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் பதினைந்து நிமிஷம். ஓசூர் சாலையிலிருந்து பழைய மடிவாளாவுக்குள் திரும்பினால் சோமேஸ்வரர் கோயில். ஆயிரம் தடவை அந்தப் பக்கம் பஸ் ஏறியிருப்பீர்கள். உங்கள் அப்பா எழுத்துக் காட்டுகிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கோயிலின் வெளிச்சுவரில் தமிழிலும் கிரந்தத்திலும் கல்வெட்டு இருக்கிறது. பழையது 1247ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வேப்பூரைச் சேர்ந்த ஒருவர் கோயிலுக்கு நிலம் விட்டதைச் சொல்கிறது. வேப்பூர் என்பது இன்றைய பேகூர். இன்னொன்றில் தாமரைக்கிரை என்று ஓர் இடம் வருகிறது. கன்னடத்தில் தாவரே என்றால் தாமரை, கெரே என்றால் ஏரி. அதே மடிவாளா பக்கத்தில் இருக்கும் தாவரேகெரேதான் அது என்கிறார்கள். நீங்கள் கூகுள் மேப்பில் தினமும் கடக்கிற பெயர். ஹொய்சள மன்னர் மூன்றாம் வல்லாளர் காலத்துக் கல்வெட்டும் அங்கே உண்டு.

டொம்லூர் மேம்பாலத்துக்கு அருகே சொக்கநாதசுவாமி கோயில். சொக்கநாதர் என்றதும் சிவன் என்று நினைக்க வேண்டாம், உள்ளே பெருமாள். அங்கேயும் தமிழ்க் கல்வெட்டு. டொம்லூரின் பழைய பெயர் தோம்பலூர், தேசிமாணிக்கப்பட்டணம் என்று இன்னொரு பெயரும் அதில் வருகிறது. பட்டணம் என்று பெயர் வைத்திருப்பதைப் பார்த்தால் வணிகர்கள் கூடிய ஊர் என்று தோன்றுகிறது.

இவற்றையெல்லாம் நூற்றிருபது வருஷத்துக்கு முன்பே பி. எல். ரைஸ் என்கிற கல்வெட்டு அறிஞர் படியெடுத்துப் பதிப்பித்துவிட்டார். எபிகிராஃபியா கர்னாடிகா, ஒன்பதாம் தொகுதி, 1905. பெங்களூர் மாவட்டம் முழுவதும் அதில் இருக்கிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அப்பா சந்தோஷப்படுவார்.

பார்க்கும் முறை ஒன்று சொல்கிறேன். ஃபோன் டார்ச்சை எழுத்துக்கு நேரே பிடிக்காதீர்கள். சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழும், எழுத்து எழுந்து நிற்கும். மாவு, சுண்ணாம்பு, சாக்பீஸ் எதையும் கல்லில் தேய்க்கக் கூடாது. காலை பத்து மணிக்குள் போனால் கோயில் திறந்திருக்கும், கூட்டமும் குறைவு. அர்ச்சகரிடம் முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கே.ஆர்.புரம் வாசகன் எழுதியது:

1247லேயே தமிழ்க் கல்வெட்டு என்றால் இது நம் ஊர்தான் என்று ஆகிறதே. இதையெல்லாம் ஏன் யாரும் வெளியே சொல்வதில்லை?

மர்ஃபி டவுன் எழுதியது:

வாசகன் தம்பி, எனக்கு வயது எழுபத்தி ஒன்று. என் தாத்தா பின்னி மில்லில் வேலைக்கு வந்தவர். நான் இங்கேயே பிறந்தேன், அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். இந்தப் பேச்சை அப்படி எடுத்துக்கொண்டு போக வேண்டாம்.

பேகூரில் நாகேஸ்வரர் கோயில் இருக்கிறது. அங்கே ஒரு வீரக்கல், கி.பி. 890 வாக்கில் வெட்டியது. எழுத்தும் மொழியும் பழைய கன்னடம். பெங்களூர்ச் சண்டையில் இறந்துபோன ஒருவனுக்காக நட்டது. இந்த ஊர்ப் பெயர் முதன்முதலில் கிடைப்பது அந்தக் கல்லில்தான். வல்லாள ராஜா காட்டில் வழி தவறி வந்தார், ஒரு கிழவி வெந்த பயறு கொடுத்தாள், அதனால் பெந்தகாளூரு என்று சொல்வார்களே, அந்தக் கதைக்கு முந்நூறு வருஷத்துக்கு முன்பே பெயர் கல்லில் இருக்கிறது. ஹெப்பாளில் 2018இல் கண்டெடுத்த கிட்டய்யா என்கிற வீரனின் கல் இன்னும் பழசு, 750 வாக்கில். அதுவும் கன்னடம்தான்.

அதற்காக மடிவாளாக் கல் பொய்யாகிவிடுமா? ஆகாது. கங்கர் ஆண்டார்கள், சோழர் வந்தார்கள், ஹொய்சளர் வந்தார்கள். யார் எந்த மொழியில் எழுதினால் ஊர்க்காரனுக்குப் புரியுமோ அதில் எழுதினார்கள். ஒரே ஊரில் இரண்டு மொழி ஆட்களும் நிலம் வைத்திருந்தார்கள், ஒரே ஏரித் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். அதைத்தான் அந்தக் கல் சொல்கிறது. யாருடைய ஊர் என்று அது சொல்லவில்லை.

நான் 1991இல் நடந்த காவிரிக் கலவரத்தைப் பார்த்தவன். திருவள்ளுவர் சிலை அல்சூர் ஏரிக்கரையில் பதினெட்டு வருஷம் சாக்கு மூடிக் கிடந்ததையும் பார்த்தேன், 2009 ஆகஸ்டில் திறந்ததையும் கூட்டத்தில் நின்று பார்த்தேன். அதனால்தான் சொல்கிறேன். கல்வெட்டைப் பார்க்கப் போகிறவர்கள் அர்ச்சகரிடம் கன்னடத்தில் நாலு வார்த்தை பேசுங்கள். "சாசனா நோடபஹுதா?" என்று கேட்டால் போதும். சாசனம் பார்க்கலாமா என்று அர்த்தம். அவர்கள் நமக்கு முன்னால் வந்து விளக்குப் போட்டுக் காட்டுவார்கள். இந்தக் கல்வெட்டுகளைத் தேடி எடுத்து முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து பாதுகாக்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் கன்னடக்காரர்கள். 1909இல் தொடங்கி, இப்போது நிருபதுங்கா சாலையில் இயங்கும் மிதிக் சொசைட்டி அந்த வேலையைச் செய்கிறது. தமிழ்க் கல்லையும் அதே அக்கறையோடுதான் ஸ்கேன் செய்கிறார்கள்.

கே.ஆர்.புரம் வாசகன் எழுதியது:

புரிகிறது ஐயா. நான் எழுதிய விதம் சரியில்லை. பேகூர் எனக்குக் கொஞ்சம் தூரம்தான், இருந்தாலும் இந்த ஞாயிறே போகிறேன்.

மல்லேஸ்வரம் பதினைந்தாம் கிராஸ் எழுதியது:

தஞ்சாவூர்க்காரர் என்றதும் எனக்குக் கை பரபரக்கிறது. காடு மல்லேஸ்வரரை விட்டுவிடாதீர்கள்.

பீஜப்பூர்ப் படை 1638இல் பெங்களூரைப் பிடித்ததும் ஷாஜி போன்ஸ்லேவுக்கு ஜாகீராகக் கொடுத்தார்கள். சிவாஜியின் அப்பா. அவருக்குப் பின் இங்கே இருந்தவர் ஏகோஜி, சிவாஜியின் மாற்றாந்தாய்த் தம்பி. 1669இல் ஏகோஜி இந்தக் கோயிலுக்கு மேதரநிங்கனஹள்ளி என்கிற கிராமத்தை மானியமாக விட்டதாகக் கல்வெட்டு இருக்கிறது. சில வருஷத்தில் அதே ஏகோஜி தெற்கே போய்த் தஞ்சாவூரைப் பிடித்து அங்கேயே ராஜாவானார். உங்கள் அப்பாவுக்கு சரபோஜி, சரஸ்வதி மகால் எல்லாம் மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். அந்த வம்சத்தின் முதல் ஆள் தஞ்சாவூருக்குப் போகும் முன் கும்பிட்ட சாமி இது. பின்னால் ஏகோஜி பெங்களூரை மூன்று லட்ச ரூபாய்க்கு மைசூர் உடையாருக்கு விற்கப் பேச்சு நடத்தினார். விலை பேசி முடிப்பதற்குள் 1687இல் முகலாயப் படை வந்து பிடித்துக்கொண்டது, கடைசியில் ஊர் உடையார் கைக்கே வந்து சேர்ந்தது.

எதிரே நந்தி தீர்த்தம். மண்மூடிக் கிடந்து 1997இல் தோண்டி எடுத்தார்கள். நந்தி வாயிலிருந்து தண்ணீர் லிங்கத்தின் மேல் விழுந்துகொண்டே இருக்கும். கீழே படி உண்டு, அப்பா மேலிருந்து பார்க்கட்டும். மரங்கள் இருக்கின்றன, நிழல் இருக்கிறது, உட்காரத் திண்ணை இருக்கிறது.

பானசவாடி அக்கா எழுதியது:

நேரம் இருந்தால் சிவாஜிநகர் மரியன்னை பேராலயம். செஞ்சியிலிருந்து வந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தொடங்கிய கோயில். இப்போதிருக்கும் கோபுரக் கட்டடம் 1882இல் எழும்பியது. மாதாவுக்குச் சேலை கட்டியிருக்கும். செப்டம்பர் 8 திருவிழாவுக்கு நான் வருஷா வருஷம் போவேன். எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்காரர்களும் மெழுகுவர்த்தி கொடுத்து அனுப்புவார்கள்.

ஜெயநகர் நாலாம் பிளாக் எழுதியது:

நேற்று இதையெல்லாம் படித்துவிட்டு இன்று காலை தில்லி வாசலுக்குப் போய் வந்தேன். கதவில் அடித்திருக்கிற இரும்பு முள்ளைத் தொட்டுப் பார்த்தேன். மைசூர் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன்.

காவிரிக்கரை எழுதியது:

அப்பாவை நேற்று இரவு ரயில் ஏற்றிவிட்டேன். எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும் என்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதல் நாள் லால்பாக். ஆறே முக்காலுக்குப் போய்விட்டோம். 300 கோடி வருஷம் என்றதும் அப்பா நம்பவில்லை, பலகையை இரண்டு தடவை படித்தார். அப்புறம் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு பாறையில் நடந்தார். நான் சொல்லவில்லை, அவராகவே. கோபுரத்தடியில் உட்கார்ந்து நாலு திசையும் பார்த்தோம். "நீ எந்தப் பக்கம்டா இருக்கே?" என்றார். தென்கிழக்கே கட்டடங்களாகத் தெரிந்ததைக் காட்டினேன்.

இரண்டாம் நாள் கோட்டையும் அரண்மனையும். வெயில் அதிகம், மார்க்கெட் கூட்டத்தில் கொஞ்சம் திணறிவிட்டார். அரண்மனையில் மேலே போகவில்லை. கீழே தூண் அடியில் நின்று மரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார். கோட்டை வெங்கடரமணர் கோயிலில் ஒரு மணி நேரம் இருந்தோம்.

மூன்றாம் நாள் மடிவாளா. இதைத்தான் விரிவாக எழுத வேண்டும்.

எட்டரை மணிக்குப் போனோம். அர்ச்சகர் தீபாராதனை முடிக்கும் வரை காத்திருந்து, மர்ஃபி டவுன் ஐயா சொல்லிக்கொடுத்த வாக்கியத்தை அப்படியே சொன்னேன். என் கன்னடத்தைக் கேட்டு அவர் சிரித்துவிட்டு, தமிழிலேயே "வாங்க, பின்னாடி இருக்கு" என்றார். சுவரில் வண்ணம் பூசிய இடங்களில் எழுத்து அடைந்துபோயிருக்கிறது. மற்ற இடங்களில் கல் தெரிகிறது. நான் சந்து நண்பர் சொன்னபடி டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தேன். ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்த கல்லில் வரிசை வரிசையாக எழுத்து எழுந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கல்லுக்கு ஒரு சாண் தள்ளி நின்றார். விரலைக் கல்லில் படாமல் காற்றில் எழுத்தைத் தடவிக்கொண்டே போனார். முதலில் "ஸ்வஸ்தி ஸ்ரீ" பிடிபட்டது. அதற்கப்புறம் அவர் என்னை மறந்துவிட்டார். "புள்ளி வைக்க மாட்டான்டா, நாமதான் வெச்சுப் படிக்கணும். கெ, கே ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிக்கொண்டே ஒரு சொல்லுக்கு ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டார். நிலக்கொடை என்றால் சந்திரன் சூரியன் உள்ளவரைக்கும் நடக்கட்டும் என்று, சந்திராதித்தவரை என்று வரும், அது எங்கே என்று தேடினார். நாலு எழுத்துக்கு மேல் பெயின்ட் மூடிவிட்டது. அச்செடுத்துப் போன ரைஸ் பக்கங்களை மடித்து மடித்துப் பார்த்து, இந்த வரி இங்கே, அந்த வரி அங்கே என்று பென்சிலால் குறித்தார்.

முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறார். முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அர்ச்சகர் உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார், அப்புறம் அவரும் பக்கத்தில் நின்றுகொண்டார். அப்பா படிப்பதை நான் சொல்லச் சொல்ல, அவர் கன்னடத்தில் இரண்டு பக்தர்களுக்குச் சொன்னார். கோயிலுக்கு வந்த ஒரு பாட்டி, தன் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இந்தச் சுவரைச் சுற்றுவதாகவும், இதில் எழுதியிருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரியும் என்றும் சொன்னார்.

தாமரைக்கிரை வருகிற கல் எங்களுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. திரும்பும்போது தாவரேகெரே என்கிற பலகையை ஆட்டோவிலிருந்து காட்டினேன். அப்பா வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, அந்தப் பலகையை ஃபோட்டோ எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் காடு மல்லேஸ்வரர். ஏகோஜி பேரைச் சொன்னதும் அப்பா எனக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார். நந்தி தீர்த்தத்துக்கு எதிரே திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன். பள்ளிக்கூடத்தில் அவர் வகுப்பில் நான் படித்ததே இல்லை. வேறு பள்ளியில் சேர்த்திருந்தார். அன்றைக்குத்தான் முதல் தடவை அவர் பாடம் நடத்திக் கேட்டேன்.

மடிவாளா சந்து எழுதியது:

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. அப்பா பென்சிலால் குறித்த பக்கங்களை ஸ்கேன் செய்து இங்கே போட முடியுமா? எந்த வரி எந்தக் கல்லில் என்று சுவரோடு ஒப்பிட்டுக் குறித்தது எனக்கு ரொம்பப் பயன்படும். பெயின்ட் விஷயத்தை நான் அர்ச்சகரிடம் பேசுகிறேன். அடுத்த தடவை அடிக்கும்போது எழுத்துள்ள வரிசையை மட்டும் விட்டுவிடச் சொல்லலாம்.

காவிரிக்கரை எழுதியது:

பக்கங்களை அப்பா கையோடு எடுத்துப்போய்விட்டார். அனுப்பச் சொல்கிறேன். டொம்லூர் பாக்கி இருக்கிறது என்று இப்போதே ஃபோனில் சொல்லிவிட்டார், பொங்கல் கழித்து வருகிறாராம். சங்கராந்தியன்று கவி கங்காதரேஸ்வரர் கோயிலில் நந்தியின் கொம்புக்கு நடுவே வெயில் நுழைந்து லிங்கத்தின் மேல் விழும் என்று கேள்விப்பட்டேன். அதற்கு முன்னாலேயே வரச் சொல்லட்டுமா?

லால்பாக் காலைநடை எழுதியது:

அன்றைக்கு வேண்டாம். கூட்டம் தெருமுனை வரை நிற்கும், குகை தாழ்வானது, அப்பாவால் நிற்க முடியாது. வேறொரு நாள் காலையில் போங்கள். வாசலில் வட்டத் தட்டு வைத்த இரண்டு பெரிய கல்தூண்கள் இருக்கின்றன, சூரியன் ஒன்று, சந்திரன் ஒன்று. சந்திராதித்தவரை என்று தேடினாரே, அவற்றைக் காட்டுங்கள். பக்கத்திலேயே கெம்பாம்புதி ஏரிக்கரைக் கோபுரம். முன்கூட்டிச் சொன்னால் நானும் வருகிறேன், கார் இருக்கிறது.